காலுக்கா, பலகைக்கா? பாய்மர அடிக்கு இரண்டு உறைகள்

விண்ட்சர்ஃபிங் பலகையில் பாய்மரம் ஒரு மூட்டின் மேல் நிற்கிறது. எந்தப் பக்கமும் மடங்கி, முழு வட்டமாகச் சுழலக்கூடிய மூட்டு அது. ஹாயில் ஷ்வைட்சரும் ஜிம் டிரேக்கும் 1968இல் விண்ணப்பித்து 1970இல் பெற்ற அமெரிக்கக் காப்புரிமைக்கு அடிப்படையே இந்த ஏற்பாடுதான். சுக்கான் தேவையில்லை, பாயைச் சாய்த்தாலே பலகை திரும்பும். ஆனால் எந்தப் பக்கமும் சாயும் மரம் எந்தப் பக்கமும் விழும். அப்போது அதன் அடிப்பகுதியில் அகப்படுவது ஒன்று கால், இல்லையேல் பலகையின் மேல்தளம்.

அடிப்பகுதியில் மென்மையானது எதுவும் இல்லை. மூட்டுக்கு மேலே அலுமினியத்தாலோ கார்பனாலோ ஆன நீட்டிப்புக் குழாய் இருக்கிறது. அதில் உயரத்தை மாற்றும் வளையம், பாயைக் கீழே இழுத்துக் கட்டும் கயிற்றுக்கான கப்பிகள், கயிற்றைக் கவ்விப் பிடிக்கும் பற்கள். இவற்றைச் சுற்றி மெத்தென்று ஏதாவது கட்ட வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. கடையில் கிடைக்கும் உறையா, வீட்டில் நுரையை வெட்டிச் செய்வதா என்பதில்தான் இரு கட்சி.

கடை உறை பெரும்பாலும் நியோப்ரீனால் ஆனது அல்லது துணிக்குள் பொதிந்த மெல்லிய நுரைத் தகடு. குழாயைச் சுற்றிப் போட்டு வெல்க்ரோவால் ஒட்டினால் வேலை முடிந்தது. வீட்டு உறைக்கு நீச்சல் குளத்தில் பிள்ளைகள் பிடித்து மிதக்கும் பாலிஎத்திலீன் நுரைக்குழல், ஏசி செம்புக் குழாய்க்கு மாட்டும் கருப்பு ரப்பர் நுரை, பழைய யோகா பாய் ஆகியவை கைகொடுக்கின்றன.

அடி யாருக்கு?

கற்றுக்கொள்பவரின் பலகை பெரியது, 200 லிட்டர் அளவு கொள்ளளவு உடையது. தண்ணீரில் கிடக்கும் பாயைக் கயிற்றால் தூக்கும்போது அவருடைய பாதங்கள் பாய்மரத்தின் இருபுறமும், மூட்டை ஒட்டியே நிற்கும். பாய் திரும்பத் திரும்ப விழும். விரலும் கணுக்காலும் கப்பியில் இடிபடும். பயிற்சிப் பலகைகள் பலவற்றில் மேல்தளத்திலேயே மென்நுரை ஒட்டியிருப்பதால் பலகைக்குப் பெரிய ஆபத்து இல்லை. இங்கே காக்க வேண்டியது கால்.

அலையில் ஓட்டுபவரின் நிலை தலைகீழ். அவர் பாதங்கள் பின்னால், கால்பட்டைகளுக்குள் இருக்கும். மாவித் தீவின் ஹூக்கிபா போன்ற கடற்கரையில் உடையும் அலை பாயை ஒரு பக்கமும் பலகையை இன்னொரு பக்கமும் இழுத்தால், மூட்டு அதன் எல்லை வரை மடங்கி, நீட்டிப்புக் குழாயின் வளையம் மேல்தளத்தைக் குத்தும். ஆரம்ப கால விண்ட்சர்ஃபர் பலகை 12 அடி நீளம், 25 கிலோவுக்கு மேல் எடை; அதன் பாலிஎத்திலீன் ஓடு நசுங்குமே தவிர எளிதில் உடையாது. இன்றைய அலைப் பலகை ஏறக்குறைய 7 கிலோதான். உள்ளே தெர்மாக்கோல் வகை நுரை, வெளியே மெல்லிய இழைத்தோல். தோல் விரிந்தால் நுரை தண்ணீர் குடிக்கும். இங்கே காக்க வேண்டியது தளம்.

தடிமனும் தளர்வும்

மோதலைத் தணிப்பது நுரை நசுங்கும் தூரம். நிற்கும் தூரம் இரட்டித்தால் சராசரி விசை பாதியாகும். சில மில்லிமீட்டர் நியோப்ரீன் பலமான அடியில் முழுதும் நசுங்கிவிடும். அதற்குப் பிறகு அது இருந்தும் இல்லாத மாதிரிதான். ஆனால் கூர்முனைகளை மூடி, உராய்வையும் கீறலையும் தடுப்பதில் அதை மிஞ்ச முடியாது. காலுக்கு வரும் அடிகளில் பல இப்படிப்பட்ட சிறு அடிகளே. இரண்டு சென்டிமீட்டர் சுவருள்ள நுரைக்குழல் தளத்தின் மீது விழும் பேரடியைத் தாங்கும். குறை என்னவென்றால், மீண்டும் மீண்டும் நசுங்கிய இடம் பழைய உருவத்துக்குத் திரும்பாது. வெயிலில் பொடிந்தும் போகும்.

அளவிலும் வேறுபாடு உண்டு. மெல்லிய வகைப் பாய்மரத்தின் உள்விட்டம் 32 மில்லிமீட்டர் அளவு, பழைய வகையில் 48. வெல்க்ரோ உறை இரண்டுக்கும் இறுகும். நுரைக்குழலின் துளையோ சிறியது. நெடுக்காகக் கீறி மாட்டினால் ஒரு பக்கம் வாய் பிளந்து நிற்கும். ஏசி நுரை உள்விட்ட அளவு வாரியாகக் கிடைப்பதால் அந்தத் தொல்லை இல்லை.

மடங்க விடுகிறதா?

மூட்டின் மேல் முழு உயரத்துக்கும் தடித்த நுரையைக் கட்டினால், பாய் தண்ணீரில் படுக்கும்போது நுரை நெம்புகோலாகி மூட்டையே இழுக்கும். வீட்டு உறையின் கீழ் விளிம்பைச் சரிவாகச் சீவி, மடங்க இடம் விட வேண்டும். கடை உறை தானாகச் சுருங்கிக்கொடுக்கும். பாயைத் தூக்கும் கயிற்றின் கொக்கிக்கும், குழாயை விடுவிக்கும் பொத்தானுக்கும் இரண்டிலுமே வழி இருக்க வேண்டும்.

மூடி வைத்தால் தெரியாதது

இரண்டுக்கும் பொதுவான ஆபத்து ஒன்று உண்டு. மூட்டின் நடுவே இருப்பது பாலியூரிதேன் தண்டு அல்லது உடுக்கை வடிவ ரப்பர் துண்டு. உறை அதை வெயிலிலிருந்து காக்கும்; அதில் விழும் விரிசலையும் மறைக்கும். கரையிலிருந்து தொலைவில் தண்டு அறுந்தால் பாய்க்கும் பலகைக்கும் இடையே மிஞ்சுவது ஒரு காப்புப் பட்டை மட்டுமே. வெல்க்ரோ உறையை ஒவ்வொரு முறையும் கழற்றிவிடலாம். ஒட்டுநாடாவால் சுற்றிய வீட்டு உறையைக் கத்தி இல்லாமல் திறக்க முடியாது என்பதால் பலர் திறப்பதே இல்லை. நாடாவுக்குப் பதில் இரண்டு வெல்க்ரோ பட்டைகள் போட்டால் இந்தக் குறை தீரும்.

எதைத் தேர்வது?

பலத்த காற்றில் உடலோடு முன்னே தூக்கியெறியப்படும்போது பாய்மரம் பலகையின் மூக்கில் மோதுவதை இரண்டு உறையும் தடுக்காது. அதற்கு மூக்குக் காப்பு தனி. அடிப்பகுதியைப் பொறுத்தவரை, விலையை வைத்தோ கைவேலையின் பெருமையை வைத்தோ தீர்ப்புச் சொல்வதில் பயனில்லை. ஓட்டும்போது உங்கள் பாதம் மூட்டிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். பக்கத்தில் என்றால் மெல்லிய கடை உறை போதும். பின்னால் கால்பட்டைக்குள் என்றால், கால் தப்பிவிட்டது. அடி வாங்கப்போவது தளம். அங்கே சீவி எடுத்த தடித்த நுரைதான் உதவும். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டிவிடலாமே என்று தோன்றும். அப்படிக் கட்டினால் மூட்டு மடங்காது, அதன் தண்டே முதலில் அறும்.