கூலி என்ற அடைமொழி



ஆங்கில அகராதியில் 'கூலி' என்ற சொல்லைத் தேடிப் பாருங்கள். பொருளோடு, 'இழிவுபடுத்தும் சொல்' என்ற எச்சரிக்கையும் இருக்கும். நம் மொழியில் அப்படியா? உழைத்தவர் கைநீட்டி வாங்கும் பணம் கூலி. திருவள்ளுவரும் 619ஆம் குறளில், உடல் வருந்திச் செய்த முயற்சியின் பலனைக் கூலி என்றுதான் சொல்கிறார்.

அந்த ஆங்கிலச் சொல் தமிழிலிருந்து போனது என்பர் சிலர். குஜராத்தின் கோலி இனத்தார் பெயரிலிருந்து வந்தது என்பர் வேறு சிலர். எப்படியானாலும், வெள்ளைக்காரர் வாயில் பணத்தின் பெயர் ஆளின் பெயராயிற்று. பிறகு மற்றச் சொற்களுக்கு முன்னே ஒட்டிக்கொள்ளும் அடைமொழியும் ஆயிற்று. நம் தோட்டங்களில் தொழிலாளர் குடியிருந்தது 'கூலி லயம்'. 1893இல் தென்னாப்பிரிக்கா சென்ற காந்தியடிகளோ 'கூலி பாரிஸ்டர்'! சொந்தக் கப்பல் வைத்திருந்த இந்திய வணிகரும் அங்கே 'கூலி வியாபாரி'தான். செய்யும் வேலையை விட்டுத் தோலின் நிறத்தைக் குறிக்கத் தொடங்கிவிட்டது அந்தச் சொல்.

அங்கே 'சாமி' என்றும் ஏசினார்கள். தமிழர் பெயர்களின் கடைசியில் வருகிற அதே சாமி. சாமி என்றால் எசமானன் அல்லவா? நான் உமக்கு எசமானன் இல்லையே என்று சொரணையுள்ளவர்கள் திருப்பிக் கொடுத்ததைக் காந்தியடிகள் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

இங்கே மலாயாவில் சொல்லுக்கேற்ற நடத்தையும் இருந்தது. துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, சம்பள உயர்வோடு, இறங்காமல் சைக்கிளில் போகும் உரிமையையும் கேட்டார்கள். இது ஒரு பெரிய விஷயமா என்று இன்றைய பிள்ளைகள் கேட்கலாம். தினந்தோறும் இறங்கியவர்களுக்கு அது பெரிய விஷயம். அந்தப் போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்களும் போயின.

போர் முடிந்தபின் கெடாவின் முறை வந்தது. 1946இல் பீடோங் ஹார்வர்ட் தோட்டத்து ஏ. எம். சாமி தொண்டர் படையை அமைத்தார். அவர் பெயரும் சாமிதான், கவனியுங்கள். கள்ளுக்கடைகளை மூட வேண்டும், தொழிலாளி மானத்தோடு வாழ வேண்டும் என்று தோட்டம் தோட்டமாக இளைஞர்கள் திரண்டார்கள். 1947இல் போலீஸ் நடவடிக்கை அதை ஒடுக்கிற்று. 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானபோது, பெயரிலேயே 'தொழிலாளர்' நின்றது.

மாணவர்களுக்கு ஒரு குறிப்பு. 'நாள் கூலி எவ்வளவு?' என்று தமிழில் தாராளமாகக் கேட்கலாம். ஆங்கிலத்தில் ஓர் ஆளைக் குறிக்கும்போது மட்டும் அந்தச் சொல் வேண்டாம். 'ஒர்க்கர்' என்று எழுதுங்கள்.