படைக்கலச் சட்டமும் ஒரு கைத்துப்பாக்கியும்: மறவர் சீமை முதல் மணியாச்சி வரை

ஆய்வுச் சுருக்கம்

திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் ஆஷ் 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் சுட்டுக்கொல்லப்பட்ட நிகழ்வு, வாஞ்சிநாதனின் நோக்கம் பற்றியும் அவரது சட்டைப்பையிலிருந்த கடிதம் பற்றியும் எழுந்த விவாதங்களாகவே பெரிதும் அறியப்படுகிறது. அவரது கையிலிருந்த ஆயுதம் எவ்வாறு கிடைத்தது என்ற வினாவிலிருந்து தொடங்கும்போது, அச்சதியின் அளவும் காலமும் தெளிவு பெறுகின்றன என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: இராமநாதபுரம், படைக்கலச் சட்டம், புதுச்சேரி, வ.வே.சு. ஐயர், வாஞ்சிநாதன், பிரவுனிங்

ஆயுதம் களையப்பட்ட சீமை

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிவரை இராமநாதபுரமும் சிவகங்கையும் ஆயுதம் தாங்கிய குடிகளின் சீமைகளாக விளங்கின. ஈட்டி, வாள், வளரி ஆகியவற்றுடன் திரி கொளுத்திச் சுடும் துப்பாக்கியும் அங்குப் புழங்கியது. சின்ன மருதுவே தமக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொடுத்ததாகக் கும்பினிப் படை அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ் 1830-இல் வெளியிட்ட தம் நினைவுக் குறிப்பில் எழுதியுள்ளார். அதே சின்ன மருது 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார். முத்துராமலிங்க சேதுபதி 1795-லேயே பதவி பறிக்கப்பட்டுச் சிறையிடப்பட்டிருந்தார்.

1801 டிசம்பர் 1 அன்று ஆளுநர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட பிரகடனம் பாளையங்களின் கோட்டைகளை இடிக்கவும் குடிகளிடமிருந்த ஆயுதங்களைப் பறிக்கவும் வழிசெய்தது. கோட்டை இடிப்பைப் பற்றி எழுதிய அளவுக்கு வரலாற்றாசிரியர்கள் இந்த ஆயுதக் களைவைப் பற்றி எழுதவில்லை. இடிந்த கோட்டை கண்ணுக்குத் தெரியும். பறிக்கப்பட்ட துப்பாக்கி தெரியாது. வளரியோ அருங்காட்சியகப் பொருளாயிற்று. தஞ்சை ஆயுதக் கிடங்கிலிருந்து வந்த தந்த வளரிகள் சென்னை அருங்காட்சியகத்தில் இருந்ததை எட்கர் தர்ஸ்டன் 1909-இல் பதிவு செய்துள்ளார்.

லிட்டன் காலத்தில் இயற்றப்பட்ட 1878-ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம் இந்நிலையை நாடு முழுவதற்கும் உரியதாக்கியது. துப்பாக்கி வைத்திருக்கவும் இறக்குமதி செய்யவும் உரிமம் தேவைப்பட்டது. ஐரோப்பியருக்கு விதிவிலக்கு இருந்தது. ஆஷ் போன்றோர் கேட்காமலே பெற்றிருந்த உரிமையை அவர்களது ஆட்சிக்குட்பட்டோர் விண்ணப்பித்துப் பெற வேண்டியிருந்தது.

கப்பலிலிருந்து கைத்துப்பாக்கிக்கு

திருநெல்வேலிப் பகுதியில் எதிர்ப்பு முதலில் ஆயுதத்தை நாடவில்லை. 1906-இல் தொடங்கப்பெற்ற சுதேசிக் கப்பல் நிறுவனத்தின் தலைவராக அமர்ந்தவர் இராமநாதபுரம் சேதுபதி மரபைச் சேர்ந்த பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் ஆவார். சட்டத்திற்குட்பட்ட வணிகப் போட்டியாகவே அது நடந்தது. 1908 மார்ச்சில் வ.உ. சிதம்பரனார் கைதானதும், நெல்லை எழுச்சி துப்பாக்கிச் சூட்டால் ஒடுக்கப்பட்டதும், அவ்வாண்டு ஜூலையில் அவருக்கு விதிக்கப்பட்ட இரட்டை ஆயுள் தண்டனையும் அந்த வழியை அடைத்தன. அக்காலத்தில் தூத்துக்குடியில் அதிகாரியாயிருந்தவர் ஆஷ்.

1910 ஏப்ரலில் தென்காசியில் நீலகண்ட பிரம்மச்சாரியின் முன்னிலையில் இளைஞர் சிலர் இரகசிய உறுதிமொழி ஏற்றனர். ஆனால் ஆஷ் கொல்லப்பட்டதோ பதினான்கு மாதங்களுக்குப் பிறகு. இந்த இடைவெளியைத் தலைமையின் தயக்கமாகவோ உறுப்பினரின் அச்சமாகவோ விளக்குவது எளிது. அதைவிட எளிய விளக்கம் ஒன்று உண்டு. உறுதிமொழிக்கு ஆள் கிடைத்தனர், துப்பாக்கி கிடைக்கவில்லை.

அது கிடைக்கக்கூடிய இடம் பிரித்தானியச் சட்டத்திற்கு வெளியே இருந்தது. இலண்டன் இந்தியா ஹவுசில் சாவர்க்கருடன் இயங்கிய வ.வே.சு. ஐயர் 1910-இல் புதுச்சேரி வந்து சேர்ந்தார். அந்த இலண்டன் வட்டம் ஆயுதம் அனுப்புவதில் முன்பே தேர்ந்திருந்தது. 1909-இல் சதுர்புஜ் அமீன் என்பவரது பெட்டியின் கள்ள அடித்தட்டில் 20 பிரவுனிங் துப்பாக்கிகள் பம்பாய்க்குச் சென்றன. அவற்றுள் ஒன்றே அவ்வாண்டு டிசம்பர் 21 அன்று நாசிக்கில் ஆட்சியர் ஜாக்சனைக் கொன்றது. புதுச்சேரிக்கு இத்தகைய கள்ளத் தட்டுகூட அவ்வளவு தேவைப்பட்டிருக்காது. அது பிரெஞ்சுத் துறைமுகம். சுங்கமும் அஞ்சலும் பிரெஞ்சு நிர்வாகத்தின் கீழ் இயங்கின. மேடம் காமா பாரிசிலிருந்து அனுப்பிய துப்பாக்கியே வாஞ்சியிடம் சென்றது என்னும் மரபான கூற்று இச்சூழலோடு முரண்படவில்லை.

புனலூரில் திருவிதாங்கூர் வனத்துறைப் பணியிலிருந்த செங்கோட்டை வாஞ்சிநாதன் 1911 தொடக்கத்தில் விடுப்பெடுத்துப் புதுவை சென்று ஐயரைச் சந்தித்தார். கரடிக்குப்பத்தில் இளைஞர்களுக்குச் சுடும் பயிற்சி நடந்ததாகப் புதுவை மரபு கூறுகிறது. ஆயுதம் கிடைத்த ஐந்தாறு மாதங்களுக்குள் செயல் நடந்துவிட்டது என்பது மேற்கண்ட விளக்கத்திற்கு வலுச் சேர்க்கிறது.

'ரிவால்வர்' என்னும் சொல்

ஆஷ் கொலை பற்றிய தமிழ் எழுத்துகளில் 'ரிவால்வர்' என்ற சொல் தடையின்றிப் புழங்குகிறது. 1918-இல் வெளிவந்த ரௌலட் குழு அறிக்கையும் புதுவைப் பயிற்சியை அச்சொல்லாலேயே குறிக்கிறது. வாஞ்சியின் கையிலிருந்ததோ பெல்ஜியத்தில் செய்யப்பட்ட பிரவுனிங் தானியங்கிக் கைத்துப்பாக்கி. ரிவால்வரில் தோட்டாக்கள் சுழலும் உருளையில் அமையும். பிரவுனிங்கில் அவை கைப்பிடிக்குள் செருகப்படும் பெட்டியில் இருக்கும். முன்னது பருமனானது, பின்னது தட்டையானது, கோட்டுப் பைக்குள் மறைவது.

இது ஆயுத ஆர்வலரின் நுணுக்கம் மட்டுமன்று. வெப்லி ரிவால்வர் 1887 முதல் பிரித்தானியப் படையின் ஆயுதம். இந்திய மக்கள் கண்டது அதிகாரியின் இடுப்பில் தொங்கிய அந்த வகையையே. கைத்துப்பாக்கிக்கெல்லாம் அதன் பெயரே நிலைத்ததில் வியப்பில்லை. ஆனால் ஆயுதத்தை 'ரிவால்வர்' என்று எழுதும்போது, அது உள்ளூர்ப் படைமுகாமிலிருந்தோ அதிகாரியிடமிருந்தோ களவாடப்பட்டிருக்கலாம் என்ற எண்ணம் இடம்பெற்றுவிடுகிறது. 'பெல்ஜியப் பிரவுனிங்' என்று எழுதினால் கடல்வழியும் புதுச்சேரியும் உடனே கண்முன் வருகின்றன.

மணியாச்சி

ஆஷ் தம் மனைவியுடன் கொடைக்கானலிலிருந்த குழந்தைகளைக் காணச் சென்றுகொண்டிருந்தார். காலை 10.38-க்கு அவரது வண்டி மணியாச்சியை அடைந்தது. தூத்துக்குடியிலிருந்து வரும் சிலோன் போட் மெயில் 10.48-க்கு வரவிருந்தது. (1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்ட பின்னரே போட் மெயில் இராமேசுவரக் கரைக்கு மாறித் தனுஷ்கோடி வரை ஓடியது.) அந்தப் பத்து நிமிட இடைவெளியில் வாஞ்சி முதல் வகுப்புப் பெட்டியில் ஏறி ஆஷின் மார்பில் சுட்டார். பின்னர் நடைமேடை வழியே ஓடிக் கழிப்பறைக்குள் புகுந்து தம்மையே சுட்டுக்கொண்டார். உடன்வந்த மாடசாமி தப்பியவர், பின்னர் அகப்படவேயில்லை.

ஐந்தாம் ஜார்ஜ் இந்தியா வந்ததும் அவரைக் கொல்ல மூவாயிரம் சென்னை மாகாணத்தார் உறுதி பூண்டிருப்பதாகவும், தாம் அவர்களுள் கடையவர் என்றும் அவரது கடிதம் கூறியது. அக்கடிதத்தின் சனாதனச் சொல்லாடல் குறித்த விவாதம் தேவையானதே. அது இக்கட்டுரையின் பொருளன்று. இங்குக் கருதத்தக்கது மூவாயிரம் என்ற எண். சென்னை உயர்நீதிமன்றத்தின் சிறப்பு அமர்வு முன் நிறுத்தப்பட்டோர் பதினான்கு பேர். நீலகண்டருக்கு ஏழாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. டிசம்பரில் மன்னர் வந்து தில்லியில் முடிசூட்டு விழா கண்டு திரும்பினார். மூவாயிரவருள் எவரும் தென்படவில்லை. கடிதத்தை வெற்று மிகை என்று தள்ளுவதைவிட, ஆயுதமற்ற சிறு குழுவொன்று தன்னிடமிருந்த ஒரு துப்பாக்கியின் ஒலியைப் பெருக்கிக் காட்ட எழுதிய சொற்களாக அதைப் படிப்பதே பொருத்தமாகும்.

வங்கத்தோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். 1914 ஆகஸ்டில் கல்கத்தாவின் ரோடா நிறுவனத்திற்கு வந்த சரக்கிலிருந்து 50 மௌசர் துப்பாக்கிகளும் ஏறத்தாழ 46,000 தோட்டாக்களும் புரட்சியாளர் கைக்குச் சென்றன. அடுத்த சில ஆண்டுகளின் வங்க நிகழ்வுகள் பலவற்றில் அவை ஒலித்தன. தமிழ்நாட்டில் அத்தகைய பெருந்திரள் ஆயுத வரவு நிகழவில்லை. ஆஷ் கொலைக்குப்பின் புதுவையில் பிரித்தானிய ஒற்றர் கண்காணிப்பு இறுகியதால், இருந்த ஒரு வாயிலும் குறுகியது.

1942 ஆகஸ்டில் இராமநாதபுரம் மாவட்டத்துத் திருவாடானையில் மக்கள் திரண்டு சிறையை உடைத்துச் சின்ன அண்ணாமலையை விடுவித்தபோது அவர்களுக்குப் பலமாயிருந்தது எண்ணிக்கையே. அடுத்த மாதம் தெற்கே குலசேகரப்பட்டினம் உப்பளத்தில் ஆங்கிலேய அதிகாரி லோன் கொல்லப்பட்டார். மணியாச்சிக்கு முப்பத்தோராண்டுகளுக்குப் பின் நடந்த அக்கொலையில் பயன்பட்டவை வேல்கம்பும் அரிவாளுமே.