மெழுகுவர்த்தி ஏலமும் வாங்குவோர் மனமும்

விலையையும் முடிவையும் முன்கூட்டியே அறிந்து வாங்குவதையே மக்கள் விரும்புவர் என்பது பொதுவான எண்ணம். 17ஆம் நூற்றாண்டின் இலண்டன் வணிகம் இதற்கு மாறான சான்றொன்றைத் தருகின்றது. அங்கு ஓரங்குல மெழுகுவர்த்தியை ஏற்றிவைத்து ஏலங்கூறினர். சுடர் அணையுமுன் இறுதியாகக் கேட்டவருக்கே பொருள் உரியதாயிற்று. கிழக்கிந்தியக் கம்பனியும் இம்முறையைக் கையாண்டது.

கடற்படை அலுவலகத்திற் பணியாற்றிய சாமுவேல் பீப்ஸ், 1660 நவம்பரில் இரு கப்பல்கள் இவ்வாறு விற்கப்பட்டதைத் தம் நாட்குறிப்பில் பதிந்துள்ளார். ஒன்று 1,300 பவுணுக்கும் மற்றையது 830 பவுணுக்கும் விலைபோயின. ஈற்றில் அனைவரும் ஒருங்கே கூவியமையால், கடைசிக் குரல் எவருடையது எனத் துணிவதே அலுவலர்க்குப் பெரும்பாடாயிற்று.

1662 செப்டெம்பர்க் குறிப்பு இன்னும் சுவையானது. தொடக்கத்தில் வாய்திறக்கத் தயங்கியோர், சுடர் தளர்ந்ததும் கூச்சலிட்டனர். பொருளின் தேவை மட்டுமன்றி, அறியவொண்ணாத அந்தக் கணமும் அவர்களை உந்தியது எனலாம். ஒருவர் மட்டும் தவறாது வென்றார். காரணம் வினவியபோது, சுடர் அணையும் வேளையிற் புகை கீழிறங்கும் என்றும், அதனைக் கண்டே தாம் கேட்பதாகவும் கூறினார். மற்றையோர்க்கு மறைந்திருந்தது அவருக்கு மறைவன்று. பீப்ஸ் அவரது சூழ்ச்சித்திறனை வியந்தாரேயன்றி, ஏலத்தின் நேர்மை குறித்து ஏதும் எழுதினாரல்லர்.