பாகூரில் எழுபது வயது

ஆயுஷ்மான் மருத்துவக் காப்பீடு எழுபது வயது நிறைந்த எல்லோருக்கும் என்று ஒன்றிய அரசு 2024 அக்டோபர் 29 அன்று தொடங்கிவைத்தது. வருமான வரம்பு கிடையாது. அன்றைக்கு எழுபது நிறைந்தவர் என்றால் 1954 அக்டோபர் 29க்குள் பிறந்தவர். பிரெஞ்சு நிர்வாகம் புதுச்சேரியை இந்தியாவிடம் ஒப்படைத்ததோ அதற்கு மூன்று நாள் கழித்து, நவம்பர் 1 அன்று. ஆகவே வில்லியனூரிலும் பாகூரிலும் பிறந்து, முதல் நாளிலேயே தகுதி பெற்ற ஒவ்வொரு முதியவரும் பிரெஞ்சிந்தியாவில் பிறந்தவர்.

கொம்யூன் என்னும் உள்ளாட்சிப் பிரிவுகளான இவ்விரண்டும் 1880இல் உருவானவை. பிறப்பு, இறப்பு, கல்யாணம் எல்லாம் அங்கே 'மேரி' எனும் நகராட்சி அலுவலகத்தில் பிரெஞ்சில் பதிவாகின. பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் பங்குபோட்டுக்கொண்ட எல்லை இன்றும் அப்படியே கிடக்கிறது. பாகூரின் தென்கோடி ஊர்களுக்குப் புதுச்சேரி நகரத்தைவிடக் கடலூர்தான் பக்கம். ஆனால் கடலூர் தமிழ்நாடு. தமிழ்நாட்டின் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இவர்களுக்குக் கிடையாது. ஆயுஷ்மான் அட்டை அப்படியல்ல, நாடு முழுக்கச் செல்லும். பட்டியலில் உள்ள மருத்துவமனை எல்லைக்கு எந்தப் பக்கம் இருந்தாலும் சேரலாம்.

உடம்புக்கு ஒன்றென்றால் ஜிப்மர் என்பதே இந்த ஊர்களின் பழக்கம். 1823இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளி அதன் வேர். 1956இல் இந்திய அரசு அதை ஏற்றது, 1964இல் ஜிப்மர் ஆனது. ஆனால் இடுப்பெலும்பு முறிந்த பாட்டியைப் பாகூரிலிருந்து நகரத்தைத் தாண்டிக் கோரிமேட்டு ஜிப்மர்வரை கொண்டுபோவது லேசான காரியமா? கிருமாம்பாக்கத்திலும் பிள்ளையார்குப்பத்திலும் தனியார் மருத்துவக் கல்லூரிகள் வந்துவிட்டன. அட்டை செல்லுமா என்று முன்கூட்டியே கேட்டு வைப்பது நல்லது.

2018இல் ஆயுஷ்மான் திட்டம் முதலில் தொடங்கியபோது 2011 சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பைப் பார்த்துத்தான் குடும்பங்களைச் சேர்த்தார்கள். வீட்டில் மோட்டார் சைக்கிள் இருந்தாலே பட்டியலுக்கு வெளியே. மகன் வண்டி வாங்கியதற்காகத் தாய்க்குச் சிகிச்சை மறுக்கும் அந்த அளவுகோல் தவறானது. எழுபது வயதுக்காரர்களுக்கு அது நீங்கியதே பெரிய ஆறுதல்.

இப்போது ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய். கணவன், மனைவி இருவரும் எழுபதைக் கடந்திருந்தால் அதே தொகை இருவருக்கும் பொது. குடும்பம் ஏற்கெனவே திட்டத்தில் இருந்தால், பெரியவர்களுக்கென்று தனியாக இன்னொரு 5 லட்சம் உண்டு; இளையவர்கள் அதைத் தொட முடியாது. முன்பே இருக்கும் நோய்க்கும் முதல் நாளிலிருந்தே செல்லும். முன்னாள் ராணுவத்தினரும் ஒன்றிய அரசின் ஓய்வூதியர்களும் தங்கள் பழைய மருத்துவத் திட்டம் வேண்டுமா, இது வேண்டுமா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வயதுக்குச் சான்று ஆதார் மட்டுமே. அதில் குத்துமதிப்பாகப் போட்ட பிறந்த ஆண்டு பிந்தியிருந்தால், எழுபது தாண்டியவரும் வெளியே நிற்க நேரும். ஆதாரைத் திருத்த அவர்களுக்கு அந்தப் பழைய பிரெஞ்சுப் பதிவேடு கைகொடுக்கக்கூடும்.

இத்தனை இருந்தும் பெரிய குறை ஒன்று மிச்சம். படுக்கையில் சேர்ந்தால்தான் காப்பீடு. சேர்வதற்கு முந்தைய மூன்று நாளும் வீடு திரும்பிய பதினைந்து நாளும் கணக்கில் வரும். மாதாமாதம் வாங்கும் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் வராது. அவற்றுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில்தான் வரிசையில் நிற்க வேண்டும். முதியவர் விடாமல் சாப்பிட வேண்டியது அந்த மாத்திரைகளைத்தான். திட்டம் அடுத்து விரிய வேண்டிய இடமும் அதுவே.