ஜாகுவார்: பாய்ந்த கதையும் சறுக்கிய கதையும்



மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது என் ஹாஸ்டல் அறைச் சுவரில் ஒரு கார் படம் ஒட்டியிருந்தேன். நீண்ட மூக்கு, பச்சை நிறம்... ஜாகுவார் இ-டைப். "சைக்கிள் பஞ்சர் ஒட்டவே காசில்லை, இவனுக்கு ஜாகுவார் கேக்குது!" என்று அறை நண்பன் கிண்டலடிப்பான். சரி, வாங்கத்தான் முடியாது, வரலாற்றையாவது படிப்போமே என்று படித்தேன். அதை இந்த மலரில் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

1922-ல் இங்கிலாந்தின் பிளாக்பூல் நகரில் வில்லியம் லயன்ஸ், வில்லியம் வால்ம்ஸ்லி என்ற இருவர் மோட்டார் சைக்கிளுக்கு சைடுகார் செய்யும் பட்டறை ஆரம்பித்தார்கள். லயன்ஸுக்கு அப்போது 21 வயது! பிறகு ஆஸ்டின் செவன் காருக்கு அழகான பாடி கட்டினார்கள். 1928-ல் கோவென்ட்ரிக்கு இடம் மாறினார்கள். ஜாகுவார் என்ற பெயர் 1935-ல் காருக்கு வந்தது. கம்பெனியின் பெயர் எஸ்.எஸ்., ஹிட்லரின் படைக்கும் அதே பெயர்! 1945-ல் அதைக் கைகழுவிவிட்டு, கம்பெனிக்கும் ஜாகுவார் என்றே பெயர் வைத்தார்கள்.

இனிதான் நம்ம ஆளுங்க சமாச்சாரம். உலகப் போரில் கோவென்ட்ரி மீது குண்டு விழுந்துகொண்டிருந்தது. தொழிற்சாலையில் தீப்பிடித்தால் அணைக்க இரவுக் காவல் இருக்க வேண்டும். ஹெய்ன்ஸ், ஹாசன், பெய்லி ஆகிய தன் இன்ஜினியர்களோடு லயன்ஸும் அந்தக் காவலில் உட்கார்ந்தார். சும்மா உட்காரவில்லை, போருக்குப் பிறகு என்ன இன்ஜின் செய்யலாம் என்று ராத்திரி முழுக்கப் பேசினார்கள். அப்படிப் பிறந்ததுதான் எக்ஸ்கே இன்ஜின்: ஆறு சிலிண்டர், 3.4 லிட்டர், மேலே இரட்டை கேம்ஷாஃப்ட். 1992 வரை அது தயாரிப்பில் இருந்தது!

அந்த இன்ஜினைக் காட்டுவதற்காகவே 1948 லண்டன் கண்காட்சியில் எக்ஸ்கே120 காரை வைத்தார்கள். 120 என்பது மைல் வேகம். கொஞ்சம் கார்கள் மட்டும் செய்வதாகத்தான் திட்டம், ஆர்டர் குவிந்துவிட்டது. லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் 1951, 53, 55, 56, 57 என ஐந்து வெற்றிகள். 53-ல் ஜெயித்த காரில் டிஸ்க் பிரேக்! 1961-ல் ஜெனீவாவில் இ-டைப் வந்தது. வேகம் 150 மைல் என்றார்கள். விலையோ ஆஸ்டன் மார்ட்டினில் ஏறக்குறைய பாதி.

அப்புறம் ஏன் சறுக்கியது? 1968-ல் பிரிட்டிஷ் லேலண்ட் என்ற பெரிய குழுமத்துக்குள் போனது. எழுபதுகளில் ஜாகுவார் என்றாலே "எப்ப நிக்கும்னு தெரியாது" என்ற கெட்ட பெயர். 1980-ல் தலைமைக்கு வந்த ஜான் ஈகன் தேடிப் பார்த்தபோது, கோளாறுகளில் பெரும்பகுதி வெளியிலிருந்து வாங்கிய உதிரி பாகங்களில் இருந்தது. சுவிட்சு, ஒயர் மாதிரி சின்னச் சின்ன சாமான்கள்! லெ மான்ஸ் ஜெயித்த வம்சத்தின் மானத்தை வாங்கியது அவைதான். ஈகன் சப்ளையர்களை நெருக்கினார். பெயர் ஓரளவு மீண்டது. 1989-ல் ஃபோர்டு வாங்கியது. 2008-ல் நம் டாடா மோட்டார்ஸ் கைக்கு வந்தது. எஃப்-டைப் தயாரிப்பு 2024-ல் நின்றதோடு அந்த ஸ்போர்ட்ஸ் கார் வரிசைக்கும் முற்றுப்புள்ளி விழுந்தது.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்? நான் இன்று உதிரி பாகம் செய்யும் இடத்தில் தரப் பரிசோதனையில் இருக்கிறேன். மாதக் கடைசியானால் ஒரு குரல் கட்டாயம் வரும்: "சின்ன பீஸ்தானே சார், ஒண்ணும் ஆகாது, அனுப்பிடலாம்!" ஒருமுறை நானும் தலையாட்டி அனுப்பிவிட்டேன். திரும்பி வந்த பெட்டியைப் பார்த்தபோது, ஹாஸ்டல் சுவரில் இருந்த அந்தப் பச்சைக் கார்தான் நினைவுக்கு வந்தது. அதற்குப் பிறகு தலையாட்டுவதில்லை. திட்டு வாங்குகிறேன், தூக்கம் நன்றாக வருகிறது!

தம்பி தங்கைகளே, நாளை நீங்களும் கையெழுத்துப் போடும் இடத்தில் உட்காருவீர்கள். பெரிய இன்ஜின் வரையும் வாய்ப்பு எல்லோருக்கும் கிடைக்காது. சின்ன பீஸைச் சரியாகப் பார்க்கும் வாய்ப்பு தினமும் கிடைக்கும். அதை விட்டுவிடாதீர்கள்.

வாழ்க நம் கல்லூரி! வளர்க நம் நட்பு!