இணைப்பின் விலை: கூகுள் தரவரிசைத் தண்டனைகளின் வரலாறு, 1998–2016

லாரி பேஜ், செர்ஜி பிரின், ராஜீவ் மோட்வானி, டெரி வினோகிராட் ஆகிய நால்வரும் ஸ்டான்ஃபோர்டில் 1998இல், பிற பக்கங்கள் தரும் இணைப்புகளை வைத்து ஒரு பக்கத்தை மதிப்பிடும் கூகுளின் பேஜ்ரேங்க் முறை பற்றி எழுதிய அறிக்கையில் அதிகம் கவனிக்கப்படாத ஒரு பத்தி உண்டு. முக்கியமான தளங்களில் காசு கொடுத்து இணைப்பு வாங்கி ஒருவர் தன் பக்கத்தை மேலேற்றிக்கொள்ளக்கூடும் என்பதை அவர்கள் அப்போதே கண்டிருந்தார்கள். அதற்குச் செலவாகும், ஆகவே அது கட்டுக்குள் இருக்கும் என்று சொல்லி நகர்ந்துவிட்டார்கள். இணைப்புகள் தொடர்பாகக் கூகுள் பின்னர் விதித்த தண்டனைகள் எல்லாம் இந்த அனுமானம் பொய்த்ததன் விளைவுகளே என்பதும், அந்தத் தண்டனைமுறையும் இறுதியில் தன் பாரம் தாங்காமல் சரிந்தது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

இணைப்பை நம்ப வேண்டிய தேவை எங்கிருந்து வந்தது? 1995 டிசம்பரில் வெளியான ஆல்டாவிஸ்டா போன்ற தேடுபொறிகள், ஒரு பக்கத்தில் எந்தச் சொற்கள் உள்ளன என்பதையே பெரிதும் சார்ந்திருந்தன. அந்தச் சொற்களை எழுதுபவரோ தளத்தின் சொந்தக்காரர். வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாகச் சொற்களை மறைத்துக் குவிப்பதும், வாசகர் கண்ணில் படாத மெட்டா குறிச்சொற்களை நிரப்புவதும் பரவின. தன்னைப் பற்றித் தானே சொல்வதை விட்டு, பிறர் சொல்வதைக் கேட்பதே பேஜ்ரேங்கின் வழி. இதற்கு முன்மாதிரி நூலகவியலில் இருந்தது: யூஜீன் கார்ஃபீல்டு 1964இல் வெளியிட்ட அறிவியல் மேற்கோள் அட்டவணை. இணைய இணைப்பை மேற்கோளாகக் கருதலாம் என்பதே ஸ்டான்ஃபோர்டு மாணவர்களின் துணிபு. ஆனால் ஆய்வேட்டில் மேற்கோள் காட்டுபவர் தன் பெயரைப் பணயம் வைக்கிறார். இணையத்தில் இணைப்புத் தருபவருக்கு அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை.

இணைப்பைச் சரக்காக மாற்றியதில் கூகுளுக்கே பங்குண்டு. 2000 டிசம்பரில் வந்த கூகுள் டூல்பார், எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அதன் பேஜ்ரேங்கை 0 முதல் 10 வரையிலான மதிப்பாகப் பச்சைப் பட்டையில் காட்டியது. எல்லோருக்கும் தெரியும் மதிப்பெண்ணுக்கு விலை வைப்பது எளிது. ஒக்லஹோமாவைச் சேர்ந்த சர்ச்கிங் என்ற நிறுவனம் 2002இல் இதையே தொழிலாக்கியது: அதிக பேஜ்ரேங்க் கொண்ட தளங்களில் விளம்பர இணைப்புகளை விற்றுத்தரும் இடைத்தரகு. சில வாரங்களிலேயே சர்ச்கிங்கின் பேஜ்ரேங்க் சரிந்தது. நிறுவனம் கூகுள் மீது வழக்குத் தொடுத்தது.

இந்த வழக்கில் சற்று நின்று பார்ப்பது நல்லது. 1998 அறிக்கையின் சுருக்கவுரை, பக்கங்களைப் புறவயமாகவும் இயந்திர முறையிலும் மதிப்பிடும் வழி என்றுதான் பேஜ்ரேங்கை அறிமுகப்படுத்தியது. நீதிமன்றத்தில் கூகுள் தரப்பு முன்வைத்த வாதம் வேறு: பேஜ்ரேங்க் என்பது ஒரு கருத்து, கருத்துச் சொல்லும் உரிமை அரசியல் சாசனப் பாதுகாப்புக்கு உட்பட்டது. மதிப்பெண்ணை வேண்டுமென்றே குறைத்திருந்தாலும் அது பாதுகாக்கப்பட்ட பேச்சே என்று ஏற்று, 2003 மே மாதம் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. தண்டிக்கும் அதிகாரம் இப்படித்தான் சட்டத்தின் துணையைப் பெற்றது. கணிதம் என்று சந்தைக்கு வந்த ஒன்று, அபிப்பிராயம் என்று சொல்லித் தப்பித்தது என்று இதைப் படிப்பதில் தவறில்லை.

அடுத்த சில ஆண்டுகளின் நடவடிக்கைகள் பெரும்பாலும் ஒவ்வொரு தளமாகப் பார்த்துக் கையால் எடுக்கப்பட்டவை. 2005 ஜனவரியில் கூகுள், யாகூ, எம்.எஸ்.என் மூன்றும் சேர்ந்து ‘நோஃபாலோ’ குறியை ஏற்றன. அது இடப்பட்ட இணைப்பு தரவரிசைக்குக் கணக்கில் சேராது என்பதே அன்றைய ஏற்பாடு. 2006 பிப்ரவரியில் பி.எம்.டபிள்யூ நிறுவனத்தின் ஜெர்மன் தளமே கூகுளின் தேடல் அட்டவணையிலிருந்து சில நாட்கள் நீக்கப்பட்டது. தேடுபொறிக்கு ஒரு பக்கத்தையும் வாசகருக்கு வேறொன்றையும் காட்டியது அதன் குற்றம். இணைப்பு வணிகத்தின் உண்மையான அளவு 2011 பிப்ரவரியில்தான் பொதுவெளிக்கு வந்தது. ஜே.சி. பென்னி என்ற அமெரிக்கச் சில்லறை விற்பனை நிறுவனத்துக்குச் சற்றும் தொடர்பில்லாத நூற்றுக்கணக்கான தளங்களிலிருந்து ஆயிரக்கணக்கான இணைப்புகள் வருவதை நியூயார்க் டைம்ஸ் கண்டறிந்தது. ஒரு குறிப்பிட்ட பிராண்டின் பயணப்பெட்டியைத் தேடினால், அதைத் தயாரிப்பவரின் தளத்துக்கும் மேலே இந்தக் கடையே நின்றது. கூகுள் கைவைத்த சில மணி நேரத்தில் அது 71ஆம் இடத்துக்கு இறங்கியது. இந்த இணைப்புகளுக்குத் தாங்கள் அனுமதி தரவில்லை என்றது நிறுவனம்.

ஒவ்வொன்றாகக் கையால் பிடிப்பது கட்டுப்படியாகாது. 2012 ஏப்ரல் 24 அன்று வெளியான பென்குவின் அல்காரிதம் தண்டனையை இயந்திரமயமாக்கியது. ஆங்கிலத் தேடல்களில் ஏறத்தாழ 3.1 விழுக்காடு பாதிக்கப்படும் என்றது கூகுள். முந்தைய ஆண்டு வந்த பாண்டா என்ற அல்காரிதம் உள்ளடக்கத்தின் தரத்தைப் பார்த்தது என்றால், பென்குவின் முதன்மையாக இணைப்புகளைக் குறிவைத்தது. ஆனால் அது அவ்வப்போதுதான் புதுப்பிக்கப்பட்டது. தவறைத் திருத்திக்கொண்டவரும் அடுத்த புதுப்பிப்புவரை காத்திருக்க வேண்டும். 2014 அக்டோபருக்குப் பிறகு அந்தக் காத்திருப்பு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் நீண்டது. சிறு வணிகங்களுக்கு இது தொழிலையே முடக்கக்கூடிய காலம்.

இதைவிடக் கடுமையான சிக்கல் ஒன்று முளைத்தது. கெட்ட இணைப்பு ஒரு தளத்தைக் கீழே தள்ளும் என்றால், போட்டியாளரின் தளத்துக்கு அப்படிப்பட்ட இணைப்புகளை வாங்கிக் குவித்தால் போதுமே! யாராலும் உங்கள் தரவரிசையைக் கெடுக்க முடியாது என்று தொடக்கத்தில் சொன்ன கூகுளின் உதவிப் பக்கம், பின்னர் ‘பெரும்பாலும் முடியாது’ என்று தளர்ந்தது. 2012இல் அதையும் விட்டு, தடுக்கக் கடுமையாக முயல்கிறோம் என்ற அளவில் நின்றது. அதே ஆண்டு அக்டோபரில் டிஸ்அவோ கருவி வந்தது: இந்த இணைப்புகளைக் கணக்கில் கொள்ளாதீர்கள் என்று தளத்தின் சொந்தக்காரரே பட்டியல் கொடுக்கலாம். தான் செய்யாத குற்றத்தைத் தானே தேடிப் பிடித்துத் துடைக்கும் வேலை அப்பாவிகள் தலையிலும் விழுந்தது.

2016 செப்டம்பரில் வெளியான பென்குவின் 4.0 இந்த முரணை விட்டு விலகியது. போலி இணைப்புக்காகத் தளத்தை இறக்குவதற்குப் பதில், அந்த இணைப்பின் மதிப்பைப் பூச்சியமாக்குவது என்பதே புதிய முறை. கணக்கீடும் உடனுக்குடன் நடக்கத் தொடங்கியது. இதைக் கருணை என்று படிப்பதைவிட, தண்டனையே ஆயுதமாகத் திரும்பிய நிலையில் எஞ்சியிருந்த ஒரே வழி என்று படிப்பது பொருந்தும். ஆட்கள் பார்த்து எடுக்கும் நடவடிக்கை இன்றும் உண்டு. அதற்குத் தளச் சொந்தக்காரர்களுக்கான கூகுளின் சர்ச் கன்சோலில் அறிவிப்பு வரும், மறுபரிசீலனை கோரலாம். இயந்திரம் புறக்கணித்த இணைப்புக்கு அறிவிப்பும் கிடையாது, முறையீடும் கிடையாது. டூல்பாரின் பச்சைப் பட்டையும் அதே 2016இல் நிறுத்தப்பட்டது. அதுவரையிலான வரலாற்றை எழுத, சரிந்த தளங்களே சான்றாகக் கிடைத்தன. எந்த இணைப்பு எண்ணப்பட்டது, எது கழிக்கப்பட்டது என்பதை அதற்குப் பிந்தைய காலத்துக்கு வெளியிலிருந்து காட்ட ஆய்வாளரிடம் அப்படிப்பட்ட சான்று அரிது.