சென்னை வானாய்வகமும் ஆள் பற்றாக்குறையும்

சென்னை வானாய்வகம் கிழக்கிந்தியக் கம்பெனியால் 1792இல் நுங்கம்பாக்கத்தில் நிறுவப்பட்ட அரசு ஆய்வு நிறுவனம். வில்லியம் பெட்ரி என்ற கம்பெனி அதிகாரி 1786இல் எழும்பூரில் தம் சொந்தச் செலவில் அமைத்த சிறிய வானாய்வகமே இதன் தொடக்கம். அதைக் கம்பெனி ஏற்றுக்கொண்டு, மைக்கேல் டாப்பிங் வடிவமைத்த கட்டடத்துக்கு மாற்றியது. நூறாண்டுகளுக்கு மேல் இயங்கிய இந்நிறுவனம் 1899இல் கொடைக்கானல் வானாய்வகத்துக்கு வழிவிட்டது. இதன் கருவிகளும் கண்டுபிடிப்புகளும் பலராலும் எழுதப்பட்டுள்ளன. இங்கு வேலை செய்தவர்கள் எத்தனை பேர், அவர்கள் எப்படி நடத்தப்பட்டார்கள் என்பது அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. குறிப்பாக நார்மன் ராபர்ட் போக்சன் தலைமையில் கழிந்த 1861 முதல் 1891 வரையான முப்பது ஆண்டுகளில், ஆள் நியமனம் குறித்த அரசின் போக்கே நிறுவனத்தின் அறிவியல் பலனைத் தீர்மானித்தது.

தொடக்க காலம்

வானாய்வகத்தின் முதல் தொலைநோக்கியைத் தாங்குவதற்குப் பத்து டன் எடையும் பதினைந்து அடி உயரமும் கொண்ட கருங்கல் தூண் ஒன்று நிறுத்தப்பட்டது. இன்றும் அது நுங்கம்பாக்கம் வானிலை ஆய்வு மைய வளாகத்தில் உள்ளது. ஆங்கிலேயரின் தாராளத்தால் ஆசியாவில் கணித அறிவியல் ஊன்றப்பட்ட காலத்தை ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் வருபவர்களும் அறிய வேண்டும் என்ற கருத்தில் அதில் கல்வெட்டு பொறிக்கப்பட்டது. அது இலத்தீனோடு தமிழ், தெலுங்கு, உருது மொழிகளிலும் இருக்கிறது. தூணில் இடம்பிடித்த மொழிகளைப் பேசியவர்களுக்கு நிறுவனத்தின் உயர் பதவிகளில் இடமில்லை. தலைமைப் பொறுப்பு எப்போதும் ஓர் ஐரோப்பியரிடமே இருந்தது. அவருக்குக் கீழே உள்ளூர் உதவியாளர் சிலர் பணிபுரிந்தனர்.

இந்தச் சிறிய ஏற்பாட்டிலும் பெரிய வேலைகள் நடந்தன. தாமஸ் கிளான்வில் டெய்லர் 1830 முதல் 1848 வரை தலைவராக இருந்தார். 11,015 விண்மீன்களின் இருப்பிடங்களைக் கொண்ட அவரது அட்டவணை 1844இல் வெளிவந்து ஐரோப்பிய வானியலாளர்களின் மதிப்பைப் பெற்றது. சில உதவியாளர்களை வைத்துக்கொண்டே இதைச் செய்ய முடிந்ததால், பிறகு கூடுதல் ஆட்கள் வேண்டும் என்று கேட்டவர்களின் வாதம் அரசிடம் எடுபடாமல் போயிருக்கலாம்.

போக்சனும் கணிப்பு வேலையும்

போக்சன் 1861 பிப்ரவரியில் சென்னைக்கு வந்தபோது அவருக்கு வயது 31. அதற்கு முன்பே அவர் பெயர் பெற்றிருந்தார். ஒரு விண்மீனின் ஒளிர்வளவு ஒரு படி குறைந்தால் அதன் ஒளி ஏறத்தாழ 2.512 மடங்கு குறைகிறது என்ற அளவுகோலை 1856இல் முன்மொழிந்தவர் அவர்தான். உலகெங்கும் இன்றும் இதுவே வழக்கில் உள்ளது. சென்னையில் பதவியேற்ற சில வாரங்களில், 1861 ஏப்ரல் 17 அன்று, ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். ஆசியாவிலிருந்து கண்டறியப்பட்ட முதல் சிறுகோள் என்பதால் அதற்கு ‘ஆசியா’ என்றே பெயரிட்டார். சாஃபோ, சில்வியா, கமில்லா, வேரா ஆகிய நான்கையும் பின்னர் சென்னையிலிருந்தே கண்டார்.

1862இல் புதிய நடுவரை வட்டக் கருவி பயன்பாட்டுக்கு வந்தது. வானின் வடக்கு தெற்குக் கோட்டை ஒவ்வொரு விண்மீனும் கடக்கும் நொடியையும் அப்போது அது நிற்கும் உயரத்தையும் அளக்கும் கருவி இது. அளவு எடுப்பதோடு வேலை முடிந்துவிடாது. காற்றில் ஒளி வளைவதால் வரும் பிழை, கருவி நேராக நிற்காததால் வரும் பிழை, கடிகாரத்தின் பிழை, பூமியின் அச்சு மெல்லத் திரும்புவதால் வரும் மாற்றம் எல்லாவற்றையும் ஒவ்வொரு அளவிலிருந்தும் கழித்தும் கூட்டியும் சரிசெய்ய வேண்டும். மடக்கை அட்டவணைகளை வைத்துக்கொண்டு கையால் போடும் கணக்கு இது. இரவில் சில நிமிடங்களில் எடுத்த ஓர் அளவு, பகலில் நெடுநேர வேலையைக் கொண்டுவரும். கிரீன்விச் வானாய்வகத்தில் இதற்கென உதவியாளர்களும் ‘கம்ப்யூட்டர்’ என்றே அழைக்கப்பட்ட கணக்காளர்களும் இருந்தனர். சென்னையில் அளவு எடுத்த அதே சிலர்தான் கணக்கும் போட வேண்டியிருந்தது.

அவர்களுக்கு வேறு வேலைகளும் இருந்தன. நகரத்துக்கு நேரம் சொல்வது வானாய்வகத்தின் பொறுப்பு. சென்னை நேரமே இந்திய இரயில்வேக்களின் பொது நேரமாகவும் ஆனது. 1906இல் இந்தியப் பொது நேரம் வரும்வரை இந்நிலை நீடித்தது. வானிலைப் பதிவுகளையும் எடுத்து அனுப்ப வேண்டும். மாகாண அரசைப் பொறுத்தவரை அன்றாடம் கண்ணுக்குத் தெரிந்த பயன் இவைதான். விண்மீன் அட்டவணை தாமதமானால் யாருக்கும் இரயில் தவறாது.

விளைவாக அளவுகள் குவிந்தன, கணக்கு பின்தங்கியது. ஐரோப்பிய உதவியாளர் ஒருவரை அனுப்பும்படி போக்சன் திரும்பத் திரும்பக் கேட்டார். திரும்பத் திரும்ப மறுக்கப்பட்டது. நிலுவையில் உள்ள முடிவுகளை வெளியிடுங்கள் என்று அரசு அவரை வற்புறுத்தியது. முடிவுகளை வெளியிட ஆட்கள் வேண்டும், ஆட்கள் கேட்டால் முதலில் முடிவுகள் வேண்டும் என்ற இந்தச் சுழல் ஏறத்தாழ கால் நூற்றாண்டு தொடர்ந்தது. நடுவரை வட்டக் கருவியின் அளவுகள் 1887இல்தான் அச்சேறத் தொடங்கின. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களைக் கொண்ட அந்த வேலையை, போக்சனின் மறைவுக்குப் பின் அவருக்கு அடுத்து வந்தவரே முடித்தார். மாறொளிர் விண்மீன்கள் குறித்த போக்சனின் பதிவுகள் இன்னும் தாமதமாக, 1908இல் இலண்டனில் வெளிவந்தன. அவர் இறந்து அப்போது பதினேழு ஆண்டுகள் ஆகியிருந்தன.

1868 ஆகஸ்ட் 18 முழுச் சூரிய மறைப்பின்போது நடந்ததும் இந்த வகையைச் சேர்ந்ததே. மசூலிப்பட்டினத்தில் நிறமாலைக் கருவியோடு நின்ற போக்சன், சூரியனின் விளிம்புச் சுடர்களில் மஞ்சள் கோடு ஒன்றைக் கண்டு பதிவு செய்தார். பின்னாளில் ஹீலியம் என்று அறியப்பட்ட தனிமத்தின் கோடு அது. அவரது அறிக்கை அரசுப் பதிப்பாக வந்ததே தவிர ஐரோப்பிய ஆய்விதழ்களின் வாசகர்களை உரிய காலத்தில் சென்றடையவில்லை. ஹீலியத்தின் வரலாற்றில் அவர் பெயர் ஓரத்திலேயே நிற்கிறது.

பழி முழுவதையும் அரசின் மீது போடுவதும் சரியாகாது. போக்சன் புதிய வேலைகளைத் தொடங்குவதில் காட்டிய ஆர்வத்தைப் பழையவற்றை முடிப்பதில் காட்டவில்லை. அவர் கேட்டது ஐரோப்பிய உதவியாளரை என்பதும் கவனிக்கத்தக்கது. கணிப்புத் திறன் இந்த மண்ணில் அரிதானதாக இருக்கவில்லை. 1805 முதல் சில ஆண்டுகள் இதே வானாய்வகத்தைப் பொறுப்பேற்று நடத்திய ஜான் வாரன், இந்தியக் காலக்கணிதம் பற்றிய ‘கால சங்கலித’ என்ற நூலை 1825இல் வெளியிட்டார். தரையில் சோழிகளை அடுக்கி, மனப்பாடமான வாய்பாடுகளைக் கொண்டு சந்திர மறைப்பின் நேரத்தைக் கணித்த தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் ஒருவரைப் பற்றி அவர் அதில் விவரித்திருக்கிறார். மறைப்பின் தொடக்க நேரத்துக்கான கணிப்பு சில நிமிட வேறுபாட்டில் பொருந்தியது. இத்தகையவர்களுக்குப் பயிற்சி தந்து கணக்காளர்களாக அமர்த்தும் வழி திறந்தே இருந்தது. அதைப் பெரிய அளவில் முயன்று பார்க்க அரசோ போக்சனோ முன்வரவில்லை.

ரகுநாதாச்சாரி

அந்த வழி பயன்தரும் என்பதற்குச் சான்று வானாய்வகத்துக்குள்ளேயே இருந்தது. பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்தைச் சேர்ந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, இளம் வயதிலேயே வானாய்வகத்தில் சேர்ந்து படிப்படியாக உயர்ந்து போக்சனின் முதல் உதவியாளரானார். நடுவரை வட்டக் கருவி அளவுகளில் பெரும்பங்கு அவருடையது. 1867இல் ‘ஆர் ரெட்டிகுலி’ என்ற விண்மீனின் ஒளி மாறுவதைக் கண்டறிந்தார். 1868 மறைப்பின்போது நிஜாம் ஆட்சிப் பகுதியில் இருந்த வனபர்த்திக்குத் தனிக் குழுவொன்று அவர் பொறுப்பில் அனுப்பப்பட்டது. 1872இல் இலண்டன் அரச வானியல் கழகத்தின் உறுப்பினரானார். இந்தியர் ஒருவருக்கு அப்பெருமை கிடைத்தது அதுவே முதல் முறை.

1874இல் வெள்ளி சூரியனைக் கடக்கும் நிகழ்வை விளக்கி அவர் எழுதிய சிறு நூல் பல மொழிகளில் வெளிவந்தது. நேரில் கண்ட அளவுகளோடு பஞ்சாங்கம் பொருந்த வேண்டும் என்று வாதிட்டு, திருக்கணித முறையில் பஞ்சாங்கம் வெளியிட்டார். வாக்கியப் பஞ்சாங்கமா திருக்கணிதமா என்ற விவாதம் தமிழ்நாட்டில் இன்றும் ஓயவில்லை. இந்தியர்கள் வானியலைக் கற்றுப் பயிற்சி பெற ஒரு வானாய்வகம் வேண்டும் என்றும் அவர் எடுத்துரைத்தார். அப்படி ஒன்று அமைந்திருந்தால் சென்னை வானாய்வகத்தின் ஆள் பற்றாக்குறைக்கு அதுவே விடையாக இருந்திருக்கும். அது அமையவில்லை. 1880 பிப்ரவரி 5 அன்று அவர் இறந்தபோதும் முதல் உதவியாளராகவே இருந்தார்.

குடும்பத்தில் இருந்து ஓர் ஊழியர்

அரசு தராத ஆளைப் போக்சன் தம் வீட்டிலேயே தேடிக்கொண்டார். 1852இல் பிறந்த அவர் மகள் எலிசபெத் ஐசிஸ் போக்சன் 1873இல் 150 ரூபாய் ஊதியத்தில் கணக்காளராக நியமிக்கப்பட்டார். 1881 முதல் சென்னை மாகாணத்தின் வானிலைப் பணியிலும் பொறுப்பு வகித்தார். கால் நூற்றாண்டு வேலை செய்து 1898இல் ஓய்வு பெற்றார்.

1886இல் அவரை அரச வானியல் கழகத்தின் உறுப்பினராக்க அவர் தந்தை முன்மொழிந்தார். கழகத்தின் 1831ஆம் ஆண்டுச் சாசனம் உறுப்பினரை ‘அவன்’ என்றே குறிப்பிடுகிறது, ஆகவே பெண்களைச் சேர்க்க முடியாது என்று வழக்கறிஞர்கள் கருத்துச் சொன்னதால் முன்மொழிவு திரும்பப் பெறப்பட்டது. பதினான்கு ஆண்டுகளுக்கு முன் ரகுநாதாச்சாரியை ஏற்ற கழகம் அது. ஐசிஸ் 1920இல்தான் உறுப்பினரானார். அப்போது அவர் அறுபது வயதைக் கடந்திருந்தார். வானியல் பணியை விட்டு இருபதாண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

கொடைக்கானலுக்கு மாற்றம்

1882இல் போக்சன், இருபது அங்குலத் தொலைநோக்கி ஒன்றைத் தென்னிந்திய மலைப்பகுதியில் நிறுவ வேண்டும் என்று முன்மொழிந்தார். உதவியாளர் கேட்டபோது மூடியிருந்த கதவு இதற்குத் திறந்தது. 1876–78 பெரும்பஞ்சத்தின் நினைவு அப்போது ஆறவில்லை. சூரியப் புள்ளிகளுக்கும் பருவமழைக்கும் தொடர்பு இருந்தால் பஞ்சத்தை முன்கூட்டியே அறியலாம் என்ற எதிர்பார்ப்பு சூரிய ஆய்வுக்கு ஆதரவு திரட்டியது. சென்னை கிறித்தவக் கல்லூரியின் இயற்பியல் பேராசிரியர் சார்லஸ் மிக்கி ஸ்மித், பழனி மலையிலும் நீலகிரியிலும் இடம் தேடி ஆராய்ந்தார். பின்னர் பல ஆண்டுகள் கடிதப் போக்குவரத்தில் கழிந்தன.

போக்சன் 1891 ஜூன் 23 அன்று சென்னையில் காலமானார். அவர் இடத்துக்கு மிக்கி ஸ்மித் வந்தார். புதிய வானாய்வகத்துக்கு 1893இல் கொடைக்கானல் தேர்வானது. 1895இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1899 ஏப்ரல் 1 முதல் வானாய்வகம் மாகாண அரசின் கையிலிருந்து இந்திய அரசின் கைக்கு மாறியது. நிர்வாக நோக்கில் பெரிய மாற்றம் இதுதான். நகரக் கடிகாரத்தையும் விண்மீன் அட்டவணையையும் ஒரே கையால் இழுக்கும் நிலை முடிவுக்கு வந்தது. நேரம் பார்க்கும் வேலை மட்டும் நுங்கம்பாக்கத்தில் 1931 வரை தொடர்ந்தது.

கொடைக்கானலுக்கு 1907இல் ஜான் எவர்ஷெட் உதவியாளராக வந்தார். போக்சன் முப்பது ஆண்டுகள் கேட்டும் கிடைக்காத பதவி இது. இரண்டே ஆண்டில், 1909இல், சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை எவர்ஷெட் கண்டறிந்தார். அது அவர் பெயராலேயே வழங்குகிறது. அவர் மனைவி மேரியும் அங்கே ஆய்வு செய்தார், சூரியச் சுடர்களைப் பற்றிக் கட்டுரையும் வெளியிட்டார். அவருக்குப் பதவியும் இல்லை, ஊதியமும் இல்லை. நிறுவனத்தின் தலைமைக்கு இந்தியர் ஒருவர் வந்தது 1937இல், ஏ. எல். நாராயண் கொடைக்கானல் இயக்குநரானபோது. நுங்கம்பாக்கத்தில் கருங்கல் தூண் நிறுத்தப்பட்டு அப்போது 145 ஆண்டுகள் கழிந்திருந்தன.